மழலை தாமதிக்கும்போது

மழலைச் சொல்லைக் குழலிசைக்கும் யாழிசைக்கும் மேலாக வைத்தார் திருவள்ளுவர். மக்களைப் பெற்றவர் எவரும் அக்கருத்தை மறுக்கமாட்டார். ஆனால், மூன்று வயதாகியும் மழலை பிறக்காத வீடுகளும் உலகில் உண்டு. அவ்வீடுகளில் அந்தக் குறளை நினைத்தால் இன்பம் எழுவதில்லை, ஏக்கமே எழுகிறது. அத்தகைய வீடுகளைப் பற்றியும், அங்கே உதவிக்கு வரும் இரு துறை வல்லுநர்களைப் பற்றியும் இன்று பேச விரும்புகிறேன். ஒருவர் பேச்சு மொழிச் சிகிச்சையாளர். மற்றவர் நடத்தைப் பகுப்பாய்வாளர். இவ்விருவரும் கூடி உழைத்தால் குழந்தைக்கு விளையும் நன்மை யாது, பிரிந்து நின்றால் விளையும் இழப்பு யாது என்பதே என் பேச்சின் பொருள்.

அந்தமானில் வாழும் ஒரு தமிழ்க் குடும்பத்தை மனத்தில் எண்ணிக்கொள்ளுங்கள். 2024ஆம் ஆண்டு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பெற்ற போர்ட் பிளேர் நகரில், துறைமுகத்தில் வேலை பார்க்கும் தந்தை. வீட்டைக் கவனிக்கும் தாய். மூன்றரை வயதுள்ள மகன். வீட்டிலே தமிழ், தெருவிலே இந்தி, அடுத்த வீட்டிலே வங்காளி, நாளைக்குச் சேரப்போகும் பள்ளியிலே ஆங்கிலம். பையனுக்கோ எந்த மொழியிலும் சொல் இல்லை. பசித்தால் அழுகிறான். அழுகை பலிக்காவிட்டால் தட்டை வீசி எறிகிறான். தன் கையையே கடித்துக்கொள்கிறான். "அப்பனும் தாமதமாகத்தான் பேசினான்" என்கிறாள் பாட்டி. வசம்பைச் சுட்டு நாவில் தடவியும் பார்த்தாயிற்று.

கடைசியில், சேர்த்துவைத்த விடுப்பையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு அவர்கள் சென்னைக்குப் புறப்படுகிறார்கள். கடல்வழியில் ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். கப்பலில் சென்றால் மூன்று நாள் அளவு பிடிக்கும். சென்னையில் இரண்டு இடங்களுக்குப் போகிறார்கள். முதல் இடத்தில், "குழந்தையோடு நிறையப் பேசுங்கள், அவன் பார்ப்பதையெல்லாம் பெயர் சொல்லிக் காட்டுங்கள், பேசு பேசு என்று வற்புறுத்தாதீர்கள்" என்கிறார்கள். இரண்டாம் இடத்தில், "அதிகம் பேசாதீர்கள், ஒரே சொல்லைச் சொல்லுங்கள், அவன் கேட்கும் வரையில் பொருளைக் கொடுக்காதீர்கள், கேட்டவுடன் தாமதமின்றிக் கொடுங்கள்" என்கிறார்கள். ஒவ்வோர் இடத்திலும் ஒரு நோட்டுப்புத்தகம் தருகிறார்கள். ஊர் திரும்பும் கப்பலில் அந்தத் தாயின் மடியில் ஒரு குழந்தையும் இரண்டு நோட்டுப்புத்தகங்களும் இருக்கின்றன. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்னும் நிலைதான்.

இந்தக் குடும்பம் நான் கற்பனை செய்தது. ஆனால் இந்நிலை கற்பனையன்று. டில்லியிலும் மும்பையிலும் கல்கத்தாவிலும் வாழும் தமிழ்ப் பெற்றோர் பலர் இதனைத் தம் கதையாகவே உணர்வார்கள். ஆகவே, இந்த இரண்டு நோட்டுப்புத்தகங்களும் எங்கிருந்து வந்தன என்பதை முதலிற் பார்ப்போம்.

பேச்சு மொழிச் சிகிச்சையாளர் மொழியைக் கற்றவர். காது, நாக்கு, உதடு, குரல்வளை ஆகிய உறுப்புகளின் இயக்கம் அவருக்குத் தெரியும். குழந்தை எந்த வயதில் எந்த ஒலியை அடைகிறது, சொற்கள் எவ்வாறு சேர்ந்து வாக்கியமாகின்றன, கண்ணோடு கண் நோக்குவதும் விரலால் சுட்டுவதும் எவ்வாறு பேச்சுக்கு முன்னோடியாகின்றன என்பவற்றையெல்லாம் அவர் அறிவார். நம் நாட்டில் இத்துறைக்குத் தலையாய நிலையம் மைசூரில் 1965ஆம் ஆண்டு தோன்றிய அகில இந்தியப் பேச்சு மற்றும் செவித்திறன் நிறுவனம் ஆகும்.

நடத்தைப் பகுப்பாய்வாளர் வேறொரு வாசல் வழியாக வருகிறவர். ஒரு செயலுக்கு முன்னால் என்ன நிகழ்ந்தது, செயல் யாது, அதன் பின்னால் என்ன கிடைத்தது என்னும் மூன்றையும் அவர் குறித்துக்கொள்கிறார். தட்டை வீசியவுடன் தாய் ஓடி வந்தாள்; ஆகவே மறுநாளும் தட்டு வீசப்பட்டது. இவ்வாறு காரணத்தைக் கண்டு, சூழ்நிலையை மாற்றி, விரும்பத்தக்க செயலுக்கு உடனடியாகப் பயன் கிடைக்கும்படி செய்வது அவர் முறை. நாள்தோறும் எண்ணிக் கணக்கு வைப்பது அவருடைய பழக்கம். மருத்துவமனைகளிலும் பயிற்சி நிலையங்களிலும் இதனை ஏ.பி.ஏ. என்று சுருக்கமாகச் சொல்வார்கள்.

இவ்விரு துறைகளுக்கும் இடையே ஒரு பழைய வழக்கு உண்டு. 1957ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலறிஞர் பி. எஃப். ஸ்கின்னர், பேச்சும் ஒரு நடத்தையே. ஏனைய நடத்தைகளைப் போலவே அதுவும் பயனால் வளர்கிறது என்று ஒரு நூல் எழுதினார். 1959இல் மொழியியலறிஞர் நோம் சாம்ஸ்கி அந்நூலைக் கடுமையாக மறுத்து ஒரு மதிப்புரை எழுதினார். குழந்தை தான் ஒருபோதும் கேட்டிராத புதிய வாக்கியங்களைத் தானே ஆக்கிப் பேசுகிறதே. அதனைப் பயனும் பழக்கமும் மட்டும் எவ்வாறு விளக்கும் என்பது அவர் கேள்வி. மொழியைக் கற்றவர்கள் பெரும்பாலும் சாம்ஸ்கியின் பக்கம் சென்றார்கள். ஸ்கின்னரின் வழிவந்தவர்கள் தனியே நடந்தார்கள். இரு கூட்டத்தாரும் நெடுங்காலம் ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கவில்லை.

ஆயினும் ஸ்கின்னர் சொன்ன ஒரு செய்தி பெற்றோர்க்கு மிகவும் பயன்படுவது. அதனை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன். ஒரு குழந்தை தண்ணீரின் படத்தைக் காட்டினால் "தண்ணி" என்கிறது. பெற்றோர் மகிழ்கிறார்கள். ஆனால் தாகம் எடுக்கும்போது அக்குழந்தை அதே சொல்லைச் சொல்வதில்லை, அழுகிறது. இது எப்படி? பார்த்ததைப் பெயரிடுவது ஒரு வேலை. வேண்டியதைக் கேட்பது வேறொரு வேலை. சொல் ஒன்றே ஆனாலும் தொழில் இரண்டு. ஒன்றைக் கற்றவனுக்கு மற்றொன்று தானாக வந்துவிடும் என்று எண்ணக்கூடாது. நூறு படங்களுக்குப் பெயர் சொல்லத் தெரிந்தும் ஒரு வாய்த் தண்ணீர் கேட்கத் தெரியாத பிள்ளைகள் இருப்பதன் காரணம் இதுவே.

மொழித் துறையாரும் ஏறக்குறைய இதே இடத்திற்கு வேறு வழியாக வந்து சேர்ந்தார்கள். 1978இல் லோயிஸ் புளூம், மார்கரெட் லேஹி என்னும் இரு அம்மையார், மொழிக்கு வடிவம், பொருள், பயன் என மூன்று கூறுகள் உண்டு என்று வகுத்துக் காட்டினார்கள். வடிவமும் பொருளும் இருந்தும் பயன் இல்லையேல் அது மொழி ஆகாது. இரு துறையாரும் பயன் என்னும் இந்த ஒரு சொல்லில் சந்தித்துக்கொண்டார்கள் எனலாம்.

அச்சந்திப்பின் பலன் 1985ஆம் ஆண்டில் இரண்டு இடங்களில் தெரிந்தது.

ஒன்று, எட்வர்டு கார், மார்க் டுராண்ட் என்னும் இருவர் வெளியிட்ட ஆராய்ச்சி. வளர்ச்சிக் குறைபாடுடைய நான்கு குழந்தைகளை அவர்கள் கவனித்தார்கள். கடித்தல், அடித்தல், முரண்டு பிடித்தல் ஆகியவை எப்போது தோன்றுகின்றன என்று பார்த்தார்கள். பாடம் கடினமாக இருக்கும்போது தோன்றினால், "எனக்குப் புரியவில்லை" என்று சொல்லிக்கொடுத்தார்கள். பெரியவர்களின் கவனம் குறையும்போது தோன்றினால், "நான் நன்றாகச் செய்கிறேனா?" என்று கேட்கக் கற்றுக்கொடுத்தார்கள். முரட்டுச் செயல்கள் குறைந்தன. இதிலே கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. காரணத்திற்குப் பொருந்தாத வாக்கியத்தைச் சொல்லிக்கொடுத்தபோது அவை குறையவில்லை. சொல் வந்தால் மட்டும் போதாது. வேண்டிய சொல் வர வேண்டும்.

இந்த முடிவின் ஆழத்தைச் சற்று எண்ணிப் பாருங்கள். தட்டை வீசும் பிள்ளை கெட்ட பிள்ளை அன்று; சொல் இல்லாத பிள்ளை. வீசுதல் என்பதே அவனுக்குக் கிடைத்த சொல். அவன் என்ன சொல்ல முயல்கிறான் என்று கண்டறிவதற்கு நடத்தைப் பகுப்பாய்வாளர் வேண்டும். அதனைச் சொல்வதற்கு எந்தச் சொல் அல்லது எந்தச் சைகை அவன் வாய்க்கும் கைக்கும் இப்போது எட்டும் என்று தேர்ந்தெடுப்பதற்குப் பேச்சு மொழிச் சிகிச்சையாளர் வேண்டும். ஒருவர் பூட்டைக் காட்டுகிறார். மற்றவர் சாவியைச் செதுக்குகிறார்.

இரண்டாவது, அமெரிக்காவில் டெலவேர் மாநிலத்தில் உருவான படப் பரிமாற்ற முறை. பெக்ஸ் என்று அதனைக் குறிப்பிடுவார்கள். நடத்தைத் துறையைச் சேர்ந்த ஆண்டி பாண்டியும், பேச்சு மொழிச் சிகிச்சையாளரான லோரி ஃபிராஸ்டும் சேர்ந்து அதனை வகுத்தார்கள். அதன் முதற்படியில் ஒரு குழந்தைக்கு இரண்டு பெரியவர்கள் தேவை. ஒருவர் குழந்தையின் எதிரே, அவனுக்குப் பிடித்த பண்டத்தை வைத்துக்கொண்டு அமர்கிறார். மற்றவர் குழந்தையின் பின்னால் அமர்கிறார். குழந்தை பண்டத்தின் மீது கை நீட்டும்போது, பின்னால் இருப்பவர் ஒன்றும் பேசாமல் அவன் கையைப் பிடித்து, படத்தை எடுத்து எதிரே இருப்பவரிடம் கொடுக்கச் செய்கிறார். எதிரே இருப்பவர் அப்பண்டத்தின் பெயரைச் சொல்லி உடனே கொடுத்துவிடுகிறார். நாளாக ஆகப் பின்னால் இருப்பவரின் கை விலகுகிறது. குழந்தை தானே ஒருவரைத் தேடிப் போய்ப் படத்தைக் கொடுக்கிறான். அதாவது, தன் விருப்பத்தை இன்னொரு மனிதனிடம் சொல்லலாம், சொன்னால் பலிக்கும் என்னும் உண்மையை அவன் முதன்முறையாகக் கண்டுகொள்கிறான். இருவர் சேராமல் இம்முறை தொடங்கவே இயலாது.

படத்தைக் கொடுத்துப் பழகிவிட்டால் வாய் திறக்கவே மாட்டானே என்று அஞ்சும் பெற்றோர் பலர். இந்த அச்சத்திற்கு ஆதாரம் இல்லை. படமும் சைகையும் கருவியும் பேச்சைத் தடுப்பதில்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு வர அவை துணையாகின்றன என்பதே ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்தவர்களின் முடிவு. பேச்சு வராவிட்டாலும் அவை அக்குழந்தைக்குக் குரலாகின்றன. சென்னையில் அஜித் நாராயணன் என்னும் பொறியாளர் உருவாக்கிய 'அவாஸ்' என்னும் செயலி, படத்தைத் தொட்டால் பேசுவது, தமிழிலும் கிடைப்பது.

இனி, இரு துறையாரும் பிரிந்து நின்றால் நேரும் பிழைகளைச் சொல்ல வேண்டும். தமிழ்க் குழந்தையை வைத்தே சொல்கிறேன்.

ஒரு குழந்தை வாழைப்பழத்தைக் கேட்கிறது. "பயம்" என்கிறது. கணக்கு வைப்பவர் தமிழ் அறியாதவராயின், எழுத்தில் உள்ளபடி ஒலி வரவில்லை என்று தவறு எனக் குறித்து, பழத்தைக் கொடாமல் நிறுத்திவிடுவார். மொழி தெரிந்தவர் என்ன சொல்வார்? ழகரம் குழந்தைகளுக்குப் பிந்தி வரும் ஒலி என்பார். அதுமட்டுமன்று, சென்னையைச் சேர்ந்த குடும்பமாயின் தாயே "பயம்" என்றுதான் சொல்கிறாள், தென் மாவட்டத்துக் குடும்பமாயின் "பளம்" என்கிறாள். பிள்ளை தாய் சொன்னதைச் சரியாகவே சொல்லியிருக்கிறான்! சரியான விடைக்குப் பரிசு மறுக்கப்படுகிறது. நான்கு முறை இவ்வாறு நேர்ந்தால் ஐந்தாம் முறை அக்குழந்தை வாய் திறக்குமா?

மற்றொன்று. நம் எழுத்துத் தமிழ் வேறு. பேச்சுத் தமிழ் வேறு. அச்சிட்ட அட்டையில் "வேண்டும்" என்று இருக்கும். வீட்டில் எவரும் அவ்வாறு பேசுவதில்லை. "வேணும்" என்றே சொல்கிறோம். அட்டையில் உள்ளதைக் கற்ற குழந்தை வீட்டாரின் பேச்சில் அச்சொல்லைக் கேட்பதே இல்லை. எந்த வடிவத்தைக் கற்பிக்க வேண்டும் என்று முடிவு செய்வது மொழி வல்லுநரின் பணி. அதனை ஒரு நாளில் எத்தனை முறை, எந்தெந்தச் சமயத்தில் பயன்படுத்த வாய்ப்பளிக்க வேண்டும் என்று அமைப்பது நடத்தை வல்லுநரின் பணி.

பிழை மறுபக்கத்திலும் உண்டு. சிகிச்சையாளரின் அறையில் வாரம் ஒரு முறை, அரை மணி நேரம், பொம்மைகளை வைத்துப் பேசிப் பழகும் குழந்தை, அறையை விட்டு வெளியே வந்ததும் அனைத்தையும் மறந்துவிடுவதைப் பார்க்கிறோம். எத்தனை சொல் வந்தது, வீட்டில் எத்தனை வந்தது, போன மாதத்தைவிட இம்மாதம் கூடியதா என்று கேட்டால் கணக்கு இராது. "முன்னேற்றம் தெரிகிறது" என்னும் ஒரு வாக்கியமே விடையாகும். நடத்தைத் துறையாரின் எண்ணும் பழக்கம் இங்கே மிகவும் வேண்டப்படுகிறது.

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கையும் தேவை. 1987இல் ஐவர் லோவாஸ் என்பவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். வாரத்திற்கு 40 மணி நேரம், இரண்டாண்டு அல்லது அதற்கு மேலும் நடத்தைப் பயிற்சி பெற்ற 19 ஆட்டிசக் குழந்தைகளுள் 9 பேர் ஏனைய பிள்ளைகளோடு சாதாரண வகுப்பில் சேர்ந்து தேறினார்கள் என்று அதில் கூறினார். உலகெங்கும் பெற்றோர் அதனை நம்பிக்கையோடு வரவேற்றார்கள். ஆனால் அக்குழந்தைகள் குலுக்கல் முறையில் பிரிக்கப்படவில்லை என்றும், பயிற்சியில் அதட்டலும் அடியும் கலந்திருந்தன என்றும் பின்வந்தோர் குறை கூறினர். ஆட்டிசம் உடைய பிள்ளைகள் வளர்ந்து பெரியவர்களாகித் தாமே எழுதத் தொடங்கியபோது, கண்ணைப் பார், கையை ஆட்டாதே என்று தம்மை வருத்திய பயிற்சிகளைப் பற்றி மனம் நொந்து எழுதினார்கள். அவர்கள் சொல்லைப் புறக்கணித்தல் தகாது. இன்று நல்ல பயிற்சியாளர் தண்டனையை விலக்குகிறார். விளையாட்டின் ஊடே கற்பிக்கிறார். குழந்தை முகம் திருப்பினால் நிறுத்துகிறார். "வேண்டாம்" என்பதும் ஒரு சொல்தான். பேசாப் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டிய முதற் சில சொற்களுள் அதுவும் ஒன்று. அதனைச் சொன்னபின் மதிக்கவும் வேண்டும்.

வெளிமாநிலத் தமிழர்க்கு இன்னொரு சங்கடம் உண்டு. "வீட்டில் தமிழை நிறுத்துங்கள், ஒரே மொழியில் பேசுங்கள், இந்தியிலோ ஆங்கிலத்திலோ மட்டும் பேசுங்கள்" என்று அறிவுரை கூறுவோர் உளர். நல்லெண்ணத்தோடு கூறினாலும் இவ்வறிவுரை சரியன்று. கனடாவில் நடத்தி 2012இல் வெளியிட்ட ஓர் ஆராய்ச்சியில், இரு மொழி கேட்டு வளர்ந்த ஆட்டிசக் குழந்தைகளையும் ஒரு மொழி கேட்டு வளர்ந்தோரையும் ஒப்பிட்டார்கள். இரு மொழியால் பேச்சு வளர்ச்சி மேலும் பிந்தியதாகத் தெரியவில்லை. பிற ஆராய்ச்சிகளும் இதனையே காட்டுகின்றன. தாய் தனக்கு இயல்பாக வாராத மொழியில் பேச முயன்றால் என்ன ஆகும்? பேச்சு சுருங்கும், தாலாட்டு நிற்கும், பாட்டியும் பேரனும் அந்நியராவர். குறைவாகக் கேட்கும் குழந்தைக்கு இன்னும் குறைவாகவே கிட்டும். ஆதலால் வீட்டுத் தமிழை விடவேண்டா. சிகிச்சையாளர்க்குத் தமிழ் தெரியாவிடில், குழந்தைக்கு முதலில் வேண்டிய இருபது சொற்களை வீட்டில் வழங்கும் வடிவத்திலேயே எழுதிப் பொருளோடு அவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இனி நம் நாட்டின் ஏற்பாடுகளைச் சுருக்கமாகக் காண்போம். பேச்சுச் சிகிச்சையாளரைப் பதிவு செய்வதற்கு 1992ஆம் ஆண்டின் இந்திய மறுவாழ்வு மன்றச் சட்டம் வகை செய்தது. நடத்தைப் பகுப்பாய்வாளர் என்னும் பெயரில் தனிப்பிரிவு அச்சட்டத்தில் இல்லை. இத்துறையில் சான்றிதழ் வழங்கிய அமெரிக்க அமைப்பும் 2023 முதல் நம் நாடு உட்படப் பெரும்பாலான நாடுகளிலிருந்து புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஆகவே நடத்தைப் பயிற்சி அளிப்பதாகச் சொல்வோர் என்ன படித்தவர், எவருடைய மேற்பார்வையில் பணிபுரிகிறார் என்று கேட்டறிவது பெற்றோரின் கடமையாகிறது. உளவியலறிஞரும் சிறப்புக் கல்வி ஆசிரியரும் பல இடங்களில் இப்பணியைத் திறம்படச் செய்து வருகிறார்கள்.

2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டம், மாவட்டந்தோறும் ஓர் ஆரம்பத் தலையீட்டு மையத்தை வகுத்துள்ளது. குழந்தை மருத்துவர், பேச்சுச் சிகிச்சையாளர், உளவியலறிஞர், சிறப்புக் கல்வியாளர் ஆகியோர் ஒரே கூரையின்கீழ் இருக்க வேண்டும் என்பது அதன் கருத்து. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 2005 முதல் பல்வகைக் குறைபாடுடையோர்க்கான தேசிய நிறுவனம் நடைபெறுகிறது. அதன் நிர்வாகத்தின்கீழ் அந்தமானிலும் ஒரு மண்டல மையம் இயங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 குறைபாடுகளை ஏற்றது. ஆட்டிசமும் பேச்சு மொழிக் குறைபாடும் அவற்றுள் அடங்கும். ஆட்டிசம் உள்ளிட்ட சில குறைபாடுகளுக்கு, தேசிய அறக்கட்டளையின் 'நிராமயா' என்னும் மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை உதவுகிறது. இவற்றைக் கேட்டுப் பெறுதல் யாசகம் அன்று, உரிமை.

அந்தமான் நிக்கோபார்த் தீவுகளின் நிலைமை தனித்தன்மை உடையது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 3,80,581 மக்கள். அவர்களுள் 100க்கு ஏறத்தாழ 15 பேர் தமிழைத் தாய்மொழியாகக் கொண்டவர்கள். 1964ஆம் ஆண்டு இலங்கையோடு செய்த ஒப்பந்தத்தின்பின் தாயகம் திரும்பிய மலையகத் தமிழரிற் சிலர் கச்சால் தீவின் ரப்பர்த் தோட்டத்தில் குடியேற்றப்பட்டார்கள். கச்சாலிலோ வடக்கே டிக்லிப்பூரிலோ பிறந்த குழந்தைக்குத் தலைநகரமே தொலைவு. வாரம் மூன்று நாள் பயிற்சி என்று எழுதிக்கொடுத்தால் கப்பலிலேயே வாழ வேண்டியதுதான்.

ஆயினும் ஒரு புதிய வழி திறந்திருக்கிறது. 2020ஆம் ஆண்டு ஆகஸ்ட் 10ஆம் நாள், சென்னையையும் போர்ட் பிளேரையும் இணைத்து ஏறத்தாழ 2,300 கிலோமீட்டர் நீளமுள்ள கடலடிக் கண்ணாடியிழைக் கம்பி தொடங்கிவைக்கப்பட்டது. ரங்கத், லிட்டில் அந்தமான், கார் நிக்கோபார், கமோர்ட்டா, கிரேட் நிக்கோபார் முதலிய தீவுகளையும் அது எட்டுகிறது. கப்பல் மூன்று நாளில் கடக்கும் கடலைக் குரலும் படமும் ஒரு கணத்தில் கடக்கின்றன. சென்னையிலிருந்து பேச்சுச் சிகிச்சையாளரும், வேறோர் ஊரிலிருந்து நடத்தைப் பயிற்சியாளரும் ஒரே திரையில் தோன்றி, தீவில் இருக்கும் தாயோடு பேசலாம். குழந்தை சோறு உண்ணும் ஐந்து நிமிடத்தைத் தாய் படம் பிடித்து அனுப்பினால் இருவரும் அதனைப் பார்த்து முடிவு செய்யலாம். உண்மையில், அறையில் நடக்கும் பயிற்சியைவிட இது ஒரு வகையிற் சிறந்தது. குழந்தை பேச வேண்டியது வீட்டில் அல்லவா? கற்பிப்பவள் தாய், திரையில் உள்ள இருவரும் அவளுக்குத் துணைவர்.

நாம் முதலிற் கண்ட குடும்பத்திற்குத் திரும்புவோம். அவர்கள் செய்யத்தக்கது யாது?

முதலாவது, குழந்தையின் செவித்திறனைச் சோதிக்க வேண்டும். காது கேளாத பிள்ளைக்கு எந்தப் பயிற்சியும் பேச்சுப் பயிற்சி ஆகாது. காலத்தையும் கவனிக்க வேண்டும். ஒரு வயதில் விரலால் சுட்டாமையும், பதினாறு மாதத்தில் ஒரு சொல்லும் வாராமையும், இரண்டு வயதில் இரு சொல் சேர்த்துப் பேசாமையும் மருத்துவரிடம் செல்லவேண்டிய அறிகுறிகள். இன்னும் ஓர் ஆண்டு பார்ப்போம் என்று காத்திருத்தல் கூடாது.

இரண்டாவது, அந்த இரண்டு நோட்டுப்புத்தகங்களையும் ஒன்றாக்க வேண்டும். இரு வல்லுநரும் அதே புத்தகத்தில் எழுதட்டும். ஒருவர் எழுதியதை மற்றவர் படிக்கட்டும். மாதம் ஒரு முறையாவது மூவரும், அதாவது அவ்விருவரும் பெற்றோரும், ஒரே நேரத்தில் பேச வேண்டும். குறிக்கோள் இரண்டு மூன்றுக்கு மேற்படாமல் இருக்கட்டும். தட்டை வீசுவதற்குப் பதிலாக, "இன்னும்" அல்லது "போதும்" என்பதைச் சொல்லாலோ படத்தாலோ சைகையாலோ தெரிவிப்பது முதற் குறிக்கோளாகலாம். எது நேரினும் பாட்டியும் தந்தையும் தாயும் ஒரே விதமாக நடக்க வேண்டும்.

மூன்றாவது, அறிவுரைகள் முரண்படும்போது பெற்றோர் கூசாமல் கேட்க வேண்டும். "அவர் நிறையப் பேசச் சொல்கிறார், நீங்கள் ஒரு சொல் போதும் என்கிறீர்கள். நான் எதைச் செய்வது?" இக்கேள்வியை இருவர் முன்னிலையிலும் கேட்டால் பெரும்பாலும் விடை கிடைத்துவிடும். விளையாடும் வேளையில் நிறையப் பேசுவதும், அவன் ஒன்றைக் கேட்கும் வேளையில் ஒரே சொல்லாகச் சுருக்கிச் சொல்லிக் காத்திருப்பதும் முரண் அல்ல. இரண்டு வேளைக்கு இரண்டு முறை. தனித்தனியே கேட்டபோது பகையாகத் தோன்றியது, சேர்ந்து கேட்டபோது உறவாகிவிடுகிறது.

இவ்வளவு செய்தாலும் எல்லாக் குழந்தைகளும் சரளமாகப் பேசிவிடுவார்கள் என்று எவரும் உறுதி கூறக்கூடாது. அவ்வாறு உறுதி கூறுவோரிடமிருந்து விலகி நிற்பதே நலம். சிலர் பேசுவர், சிலர் சில சொற்களோடு நிற்பர், சிலர் படத்தாலும் கருவியாலும் பேசுவர். ஆனால் தன் பசியையும் வலியையும் விருப்பத்தையும் மறுப்பையும் பிறர்க்குத் தெரிவிக்கும் வழி ஒவ்வொரு குழந்தைக்கும் ஏதேனும் ஒன்று உண்டு. அவ்வழியைக் கண்டுபிடித்துக் கொடுப்பதே இரு துறையாரின் பொது வேலை. அதற்குக் குறைந்த எதையும் பெற்றோர் ஏற்கவேண்டியதில்லை.

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பார்கள். வடம் இரண்டாயினும் தேர் ஒன்று. இழுப்பவர்கள் இரு திசையில் இழுத்தால் தேர் நகராது என்பது மட்டுமன்று. தேரின்மேல் இருக்கும் சின்னஞ்சிறு மூர்த்திக்கும் ஆபத்து. ஒரு திசையில் இழுத்தால், மெல்ல மெல்லவாயினும், அது வீதியைச் சுற்றி நிலைக்கு வந்து சேரும்.

என்றாவது ஒரு நாள், தீவில் உள்ள அந்த வீட்டில், காலி டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தப் பிள்ளை தாயிடம் வந்து நிற்பான். தட்டு பறக்காது. "தண்ணி" என்பான், அல்லது தண்ணீரின் படத்தை நீட்டுவான். எதுவாயினும் அத்தாய்க்கு அதுவே குழலும் யாழும்.